புது யன்னல் கழுவிய கதை

எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு முந்தி நம் வீடுகளில் இருந்த யன்னல்கள் ஞாபகமிருக்கிறதா? என் வயதுக்காரிகளைத்தான் கேட்கிறேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, பேரப்பிள்ளையின் போனில் ஊரார் வீட்டுக் கலியாணம் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களே, உங்களைத்தான். போனைக் கொஞ்சம் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

போன கிழமை என் மகள் வீட்டில் அலுமினியச் சட்டம் போட்ட புது யன்னல் பூட்டினார்கள். அவள் ஏதோ ஒரு நீலத் தண்ணீரைச் சிஸ் சிஸ் என்று அடித்தாள், துணியால் ஒரு இழுப்பு இழுத்தாள், முடிந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னும்மா சிரிக்கிறீங்க?" என்றாள். "இதுவும் ஒரு யன்னல் கழுவலா, புள்ள?" என்றேன். யன்னல் கழுவினது நாங்கள். அதில் ஒரு கலியாணமே தங்கியிருந்தது.

அந்தக் காலத்தில் எல்லாம் பலகை யன்னல். இரண்டு கதவு, நடுவில் ஒரு மரத் தாழ்ப்பாள், வெளியே இரும்புக் கம்பி. திறந்தால் வெளிச்சம் வரும். கூடவே மீன்காரன், ஐஸ்பழக்காரன், பள்ளிக்குத் தொழப் போகிறவர் எல்லாருடைய பார்வையும் வரும். மூடினால் பார்வை வராது, வெளிச்சமும் வராது. கலியாணமாகாத குமர்ப்பிள்ளை இருக்கிற வீடென்றால் மூடியேதான் கிடக்கும். பலகை இடுக்கில் கண்ணை வைத்து வைத்தே நம்மில் பாதிப் பேருக்கு ஒரு கண் சின்னதாகிப் போனது. இல்லையென்று சொல்லாதீர்கள், எனக்கு உங்களைத் தெரியும்.

சூறாவளி வந்து கூரை ஓட்டையும் கொண்டுபோனது, யன்னலையும் கொண்டுபோனது. எங்கள் வீட்டு யன்னற் கதவு ஒன்று காரைதீவு வயலுக்குள் கிடந்ததாக வாப்பா கடைசிவரை சொல்லுவார். வாப்பா சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புவேன். ஆனால் அந்தத் தாழ்ப்பாளைத் தொட்ட உணர்வு எனக்கு இன்னமும் கைக்குள் இருக்கிறது. எண்ணெயும் விரல் அழுக்கும் ஏறிக் கறுத்து, பிடித்தால் வழுக்கும்.

வீட்டைத் திருப்பிக் கட்டினார்கள். சும்மா அல்ல, ராத்தாவுக்காக. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறவேண்டும். ராத்தா எனக்கு மூத்தவள், நான் கடைக்குட்டி. அவளுக்கு அட்டாளைச்சேனையில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் வீடு பார்க்க வருவார்கள், மாப்பிள்ளையும் கூட வருவார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கவனியுங்கள், வீடு பார்க்க. மாப்பிள்ளை கூரையைப் பார்க்கலாம், கிணற்றை எட்டிப் பார்க்கலாம், சுவரைத் தட்டிப் பார்க்கலாம். பெண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. பெண்ணும் மாப்பிள்ளையைப் பார்க்கக் கூடாது. மார்க்கத்தில் பார்க்கலாம் என்றுதான் இருக்கிறது. ஊரில்தான் இல்லை.

ராத்தா உம்மாவிடம் கேட்டாள். நான் பக்கத்தில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"உம்மா, அந்த மனிசன ஒருக்கா நான் பாக்கணும்."

உம்மா அகப்பையைக் கீழே போட்டுவிட்டாள். "என்ட ரப்பே! என்ன கத கதைக்கிறாய்? நான் உன்ட வாப்பாவப் பாத்துட்டா கலியாணம் முடிச்ச?"

"பாத்திருந்தா முடிச்சிருக்க மாட்டீங்க," என்றேன் நான். தேங்காய்ச் சிரட்டையால் என் தலையில் ஒரு தட்டு விழுந்தது.

ராத்தா விடவில்லை. "கோழி வாங்கினாலும் தூக்கிப் பாத்துத்தானேம்மா வாங்குறீங்க? காலம் முழுக்க என்னோட ஒரு வீட்டுக்குள்ள இருக்கப் போற ஆள நான் பாக்கக் கூடாதா?"

"வாய மூடு. வாப்பா பாத்திட்டாரு, சாச்சா பாத்திட்டாரு. அது போதும்."

அன்றைக்குப் பாயில் படுத்திருக்கும்போது ராத்தா என் காதுக்குள் சொன்னாள். "நிக்காஹ் அன்டைக்குச் சம்மதம் கேக்க வருவாங்க. பொண்ணு வாய மூடிட்டு இருந்தா அதையும் சம்மதம் எண்டுதான் எடுப்பாங்க. நான் வாய மூட மாட்டன். பாக்காத ஆளெண்டா இல்ல எண்டு கத்துவன். பந்தலுக்கே கேக்கும்." ராத்தா சொன்னதைச் செய்கிறவள். அவள் 'இல்லை' என்று கத்தினால் வாப்பா பள்ளிவாசல் பக்கம் தலை காட்டுவதெப்படி? அவள் கத்தாமல் அழுதுகொண்டு போய் ஒருத்தனோடு இருந்தால் அதை நான் பார்ப்பதெப்படி? எது நடந்தாலும் நாசம்தான் என்று அந்த வயதிலேயே எனக்கு விளங்கியது.

இந்த நேரத்தில்தான் யன்னல் வந்தது. வாப்பா கல்முனைக் கடைத்தெருவில் கண்ணாடி வாங்கி, வைக்கோலுக்குள் வைத்து, சாக்கால் சுற்றி, மாட்டுவண்டிலில் கொண்டுவந்தார். தச்சு வேலை செய்கிற ஓடாவி மரச் சட்டம் அடித்துக் கண்ணாடியைப் பூட்டினார். ஆம்பிளைகள் வேலை செய்கிற பக்கம் நாங்கள் போவதில்லை. அடுப்படிக் குசினிக்குள் இருந்து சுத்தியல் சத்தத்தை மட்டும் கேட்டோம். வேலை முடிந்ததும் ஓடாவி அக்கரைப்பற்றுக்கு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். வாப்பா அப்படியே நற்பிட்டிமுனைப் பக்கத்து வயல் வட்டைக்குப் போய்விட்டார். வெள்ளாமை வெட்டுக் காலம், வயலில் வாடிக் குடில் போட்டுத் தங்கினால் வியாழக்கிழமை வரைக்கும் ஆளைப் பிடிக்க முடியாது. போகும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்: "யன்னலக் கழுவி வைங்க."

நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தோம். உம்மாவின் முகம் விழுந்துவிட்டது. கண்ணாடியென்றால் பளிச்சென்று இருக்கவேண்டாமா? முற்றத்தைப் பார்த்த யன்னல்கள் எல்லாம், ராத்தாவின் அறை யன்னல் உட்பட, பால் கழுவிய தண்ணீர்போல் வெள்ளையாக மங்கிக் கிடந்தன. கையை அந்தப் பக்கம் வைத்தால் கையின் நிழல் மட்டும் தெரிந்தது.

"சுண்ணாம்பு! அந்த ஓடாவி சுண்ணாம்புக் கையால தடவிட்டுப் போயிருக்கான்," என்றாள் உம்மா. "கழுவுங்கடி!"

கழுவினோம். கிணற்றில் பட்டையால் அள்ளி அள்ளி, உள்ளேயும் வெளியேயும் தண்ணீரை அடித்தோம். படச்சவனே, அந்த வெள்ளை போன வேகத்தைப் பார்க்கவேண்டுமே! தண்ணீர் பட்ட இடமெல்லாம் தெளிந்தது. அறைக்குள் நின்று பார்த்தால் மாமரம் தெரிந்தது, கிணற்றுக்கட்டு தெரிந்தது, கொடியில் கிடந்த என் பாவாடை தெரிந்தது. நான் ஆடினேன். உம்மா சிரித்தாள். பிளேன்டீ ஊற்றிக் குடித்தோம். குடித்துவிட்டு வந்து பார்த்தால், பழையபடி வெள்ளை.

உம்மா சேலையை இடுப்பில் செருகினாள். மறுபடியும் கழுவினோம். தெளிந்தது. காய்ந்தது. மங்கியது.

"கிணத்துத் தண்ணி உப்பு. அதுதான் பூக்குது," என்றாள் ராத்தா. அதுவும் சரிதானே, கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற கிணறு. பள்ளிவாசல் கிணற்று நல்ல தண்ணீரை நான் குடத்தில் சுமந்துகொண்டு வந்தேன். தெளிந்தது, காய்ந்தது, மங்கியது. சாம்பல் போட்டோம். பழப்புளி போட்டோம். தேசிக்காயை வெட்டித் தேய்த்தோம். மண்ணெண்ணெய் போட்டோம், வீடு முழுக்க விளக்குப் போல நாறியது. தென்னந்தும்பால் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனி எல்லாம் வெந்துபோனது. யன்னல் அசையவில்லை. நனைத்தால் பொண்ணு மாதிரி சிரிக்கும், காய்ந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

மாமிக்குச் செய்தி போய்விட்டது. மாமி என்றால் வாப்பாவின் மூத்த சகோதரி. வாப்பாவே அவருக்கு முன்னால் இருமமாட்டார். வெற்றிலையைக் கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு வந்து, யன்னலுக்கு முன்னால் நின்று, மேலும் கீழும் பார்த்தார்.

"கண்ணூறு," என்றார்.

"கண்ணாடிக்குமா மாமி?" என்றேன்.

"உனக்கென்னடி தெரியும்? இந்தத் தெருவில ஆருக்குக் கண்ணாடி யன்னல் இரிக்கி? எத்தின கண் பட்டிருக்கும்! தண்ணி ஊத்தினாத் தெளியிதாம், விட்டா மூடுதாம். கண்ணூறில்லாம வேற என்ன?"

மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நாங்கள் எல்லாரும் இருமினோம், கண்ணாடி இருமவில்லை. மாமி என்னைப் பள்ளிவாசலில் ஓதுகிற லெப்பையிடம் அனுப்பினார், ஒரு போத்தல் தண்ணீர் ஓதி வாங்கிவரச் சொல்லி. லெப்பை பள்ளிவாசல் வாசலில் இருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"மகள், புள்ளைக்குக் காய்ச்சல் எண்டா ஓதித் தருவன். யன்னலுக்கு ஓத எனக்குத் தெரியாது. சவர்க்காரம் போட்டுப் பாத்தீங்களா?"

நான் வந்து அப்படியே சொன்னேன். "அவருக்கு வயசு போயிட்டு," என்றார் மாமி. உம்மா கிணற்றுக்கட்டில் இருந்து அழுதாள். வீடு பார்க்க வருகிறவர்கள் இந்தக் கோலத்தைக் கண்டால் என்ன நினைப்பார்கள்? புது வீட்டைக் கழுவித் துடைக்கத் தெரியாத குடும்பம், இந்தத் தாயின் மகள் எப்படி இருப்பாள் என்று கேட்கமாட்டார்களா? உம்மாவின் அந்த அழுகையை நான் அப்போது பகிடியாகத்தான் நினைத்தேன். ஒரு மகளைக் கரை சேர்க்கிறவளுக்கு எல்லாமே பரீட்சை என்று பிறகு நானும் தாயானபோதுதான் உறைத்தது.

வியாழக்கிழமை பின்னேரம் வாப்பா வந்தார். உடம்பெல்லாம் வைக்கோல் தூசு. யன்னலுக்கு முன்னால் வீங்கின கைகளோடு நாங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தார்.

"என்ன செய்யிறீங்க?"

"உங்கட கண்ணாடியக் கழுவுறம்," என்றாள் உம்மா. "சாகுறவரைக்கும் கழுவுவம் போல."

வாப்பா விளங்காமல் பார்த்தார். பிறகு விளங்கிவிட்டது. நிலத்தில் குந்தி இருந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும். "அடியே, அது மங்கல் கண்ணாடி! அப்பிடித்தான் செஞ்சி விக்கிறாங்க. வெளிச்சம் வரும், ஆள் தெரியாது. குமர் இருக்கிற வீடெண்டு கடை கடையாத் தேடி வாங்கின சாமான்!"

உம்மா வெடித்தாள். "மங்கல் கண்ணாடி எண்டு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனா உங்கட நாக்குத் தேஞ்சிடுமா? எங்கட கையப் பாருங்க! புள்ளையிட விரலப் பாருங்க!" கையில் இருந்த தென்னந்தும்பு பறந்து போய் வாப்பாவின் தோளில் விழுந்தது. வாப்பா அதற்கும் சிரித்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் மாமி, வெற்றிலையை மென்றுகொண்டு. இப்படிப்பட்ட மனுஷி எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

எல்லாரும் சிரிக்கும்போது ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. அவள் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கையில் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடியின் உட்பக்கம் சொரசொரவென்று இருக்கும், வெளிப்பக்கம் வழுவழுவென்று இருக்கும். ராத்தா விரலைத் தண்ணீரில் தொட்டு அந்தச் சொரசொரப்பில் ஒரு சின்ன வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் மாமரம் வந்தது. மரத்தடியில் வாப்பா குந்தியிருந்து உம்மாவைச் சமாதானப்படுத்துவது வந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டம் ஓரத்தில் இருந்து காய்ந்து, சுருங்கி, மூடிக்கொண்டது.

"பாத்தியா?" என்றாள் ராத்தா. அவளுடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை கண்டதில்லை. "வாப்பா கடை கடையாத் தேடி எனக்கெண்டே வாங்கி இரிக்கார்."

வெள்ளிக்கிழமை வந்தது. முற்றத்தில் பன்பாய் விரித்து, கதிரை போட்டு, வட்டாவில் வெற்றிலை வைத்து, தொதல் இனிப்பும் வாழைப்பழமும் எடுத்து வைத்தார்கள். பெண்கள் உள்ளே போனார்கள், ஆண்கள் முற்றத்தில் இருந்தார்கள். ராத்தாவை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். காவலுக்கு நான்! யாரை யாருக்குக் காவல் வைத்தார்கள் பாருங்கள்.

"மகன், நீங்களும் போய் வீட்டச் சுத்திப் பாருங்க," என்று வெளியே ஒரு பெரியவரின் குரல் கேட்டது. மாப்பிள்ளையின் வாப்பா. பிறகு செருப்புச் சத்தம், எங்கள் சுவர் ஓரமாக. யன்னலில் ஒரு நிழல் விழுந்தது.

ராத்தா தண்ணீர்க் கோப்பையைத் தேடினாள். அந்தக் கோப்பையில் இருந்த தண்ணீரை நான்தான் கொஞ்சம் முந்திக் குடித்துவிட்டேன், பயத்தில். ராத்தா என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்தேன். அடுத்த கணம் கட்டைவிரலை வாய்க்குள் வைத்து நல்லாய் நனைத்தாள். கண்ணாடியில் ஒரு வட்டம் போட்டாள். கண்ணை வைத்தாள்.

"என்னடி தெரியிது?" என்றேன்.

"சத்தம் போடாத."

"கறுப்பா? வெள்ளையா?"

"பொறு புள்ள. மூக்குக் கொஞ்சம் பெரிசி." எச்சிலைத் தொட்டு வட்டத்தைக் கொஞ்சம் பெருப்பித்தாள். "மாமரத்தப் பாத்துட்டு நிக்காரு. இப்ப இஞ்சால திரும்புறாரு. அல்லாஹ்வே!"

என்ன நடந்ததென்று எனக்குப் பிறகுதான் சொன்னாள். வெளியே நின்ற மனிதர் வெள்ளைக் கண்ணாடிக்கு நடுவில் ஒரு ஓட்டை திறப்பதையும், ஓட்டைக்குள் ஒரு கண் இருப்பதையும் கண்டுவிட்டார். ஒரு அடி பின்னால் வைத்தார். ராத்தா கண்ணை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சுவர் மூலையில் பேச்சுச் சத்தம். மாப்பிள்ளையின் வாப்பாவும் எங்கள் வாப்பாவும், வயதின் உரிமையில் ஆண்களோடு நடக்கிற மாமியும் ஒன்றாக வருகிறார்கள். யாராவது அந்த வட்டத்தைக் கண்டால் முடிந்தது. மாப்பிள்ளையை எட்டிப் பார்த்த பெண் என்று அட்டாளைச்சேனையில் இருந்து கல்முனை வரைக்கும் பெயர் ஏறியிருக்கும். நான் ராத்தாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ராத்தா கையால் துடைத்தாள். எச்சில் இன்னும் பரவி வட்டம் இன்னும் பெரிதானது.

திடீரென்று வெளிச்சம் மறைந்தது. அந்த மனிதர் திரும்பி, எங்கள் யன்னலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். வட்டம் முழுக்க வெள்ளைச் சட்டை.

"என்ன மகன் இதில நிக்கிறீங்க?" என்றது பெரியவரின் குரல்.

"கண்ணாடியப் பாத்தன் வாப்பா. நல்ல கண்ணாடி," என்றார் அவர். "மங்கல். உள்ளுக்கு ஒண்டுமே தெரியிதில்ல."

"நான் தேடி வாங்கின சாமான்," என்றார் எங்கள் வாப்பா, பெருமையோடு.

அவர் நகரவில்லை. கிணற்றின் ஆழத்தைக் கேட்டார். ஓடு எங்கே எடுத்தது என்று கேட்டார். மாமரம் ஒட்டுக்கன்றா என்று கேட்டார். வாப்பா ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னார். எச்சில் காய எவ்வளவு நேரம் எடுக்கும்? எனக்கு ஒரு முழு நோன்பளவு நீளமாக இருந்தது. வட்டம் மெதுவாக ஓரத்தில் இருந்து வெளுத்து, உளுந்தளவாகி, இல்லாமல் போனது. கொஞ்சம் பொறுத்து அவர் முதுகை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு நடந்தார்.

ராத்தா நிலத்தில் இருந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்வை. "என்ன ராத்தா? பிடிச்சிரிக்கா, இல்லையா? சொல்லுகா!" என்று நான் அவளை உலுக்கினேன். ஒரு கலியாணமும் ஒரு குடும்பத்தின் மானமும் அவளுடைய வாயில் இருந்தன. அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"சட்டை முதுகுப் பக்கம் தையல் விட்டிரிக்கி," என்றாள். "தச்சிக் குடுக்கணும்."

எனக்கு அப்போது கோபம் வந்தது. நான் என்ன கேட்கிறேன், இவள் என்ன சொல்கிறாள் என்று. இன்றைக்கு நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. அதைவிடப் பெரிய சம்மதம் ஒன்றை நான் எந்தக் கலியாணத்திலும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் உம்மா அறையைக் கூட்டும்போது யன்னலுக்கு முன்னால் நின்றாள். கண்ணாடியில் பெருவிரல் தடம் ஒரு வட்டமாகக் காய்ந்திருந்தது. உம்மா குனிந்து பார்த்தாள், வெளியே மாமரப் பக்கம் பார்த்தாள், ராத்தாவைப் பார்த்தாள். சேலை முந்தானையை நனைத்துத் துடைத்தாள். "பூச்சி எச்சம்," என்றாள். எங்கள் உம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

அறுவடை நெல் வீட்டுக்கு வந்த கையோடு நிக்காஹ் நடந்தது. முற்றம் நிறையப் பந்தல், பந்தல் நிறைய ஆண்கள், நடுவில் மாப்பிள்ளையும் லெப்பையும். அறைக்குள் ராத்தா தலையைக் குனிந்துகொண்டு பாயில் இருந்தாள். சுற்றிவரப் பெண்கள், அத்தர் மணம், யன்னல்கள் எல்லாம் இறுக்கிப் பூட்டி. வாப்பா இரண்டு சாட்சிகளோடு உள்ளே வந்தார். இப்படிப்பட்ட நேரத்தில் பெண் விம்மவேண்டும், அல்லது சும்மா இருக்கவேண்டும். சாட்சிகள் அதைக் கண்டுகொண்டு பந்தலுக்குப் போய் 'சம்மதம்' என்று சொல்வார்கள். அதுதான் முறை. மாமி ராத்தாவின் தலையை இன்னும் கொஞ்சம் கீழே அழுத்தினார்.

வாப்பா ராத்தாவுக்கு முன்னால் குந்தினார். "மகள், இந்த மாப்பிள்ளைக்கு உன்ன நிக்காஹ் செஞ்சி குடுக்கப் போறன். உனக்குச் சம்மதமா?"

ராத்தா மாமியின் கையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள்.

"ஓம் வாப்பா! சம்மதம்! முழுச் சம்மதம்!"

மாமி தலையில் அடித்துக்கொண்டார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள், தோள் மட்டும் குலுங்கியது. சாட்சிகள் இரண்டு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல், முறைப்படி போய்ச் சொல்லுவோம் என்று கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

பந்தலில் இருந்து லெப்பையின் குரல் வந்தது.

"சாட்சிமார் அவசரப்படாம ஆறுதலா வாங்க. இஞ்ச பந்தல் முழுக்கச் சாட்சிதான்!"